மூச்சுமுட்டி ஏத்தத்துல ஒரு கை

மூணேரிமேட்டுல யாரு எந்தச் சங்கதியச் சொன்னாலும், அது கை வர்றதுக்கு முன்னாடி நடந்ததா, கை வந்ததுக்கு அப்புறம் நடந்ததான்னு கேட்டுட்டுத்தான் காது குடுப்பாங்க. அந்தக் கை என் வீட்டுக்காரரு மாசானத்தோட கை. அதனால இத என்கிட்ட கேக்குறதுதான் முறை. பஞ்சாயத்து பிரெசிடெண்ட் சடையாண்டிகிட்ட போய்க் கேட்டீங்கன்னா, அவரு கதைய மாத்தி அது தன் கைன்னே சொன்னாலும் சொல்லிருவாரு.

மலைக்கு மேல மூணு ஏரி. கீழேரி, நடு ஏரி, மேலேரி. மூணையும் சுத்தி, தேயிலைச் சரிவுக்குள்ளயும் சவுக்குத் தோப்புக்குள்ளயும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரே ஒரு ரோடு, கிளம்புன எடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்துரும். அடிவாரத்துல இருந்து வர்ற வழியில ஒரு பழைய பாலம். அதுக்கு வயசாயிருச்சு, இனிமே லாரி பஸ்ஸு காரு பைக்கு எதையும் தாங்காதுன்னு ஒரு வருஷம் குறுக்க ரெண்டு கல்ல நட்டு, சைக்கிள் நுழையுற அளவுக்கு மட்டும் சந்து விட்டுட்டாங்க. அன்னையில இருந்து பால் கேன் சைக்கிள்ல, கேஸ் சிலிண்டர் சைக்கிள்ல, கொழுந்து மூட்டை சைக்கிள்ல, கல்யாணப் பொண்ணு சைக்கிள்ல, செத்தவங்களக் கொண்டு போறதும் ரெண்டு சைக்கிளச் சேத்துக் கட்டி அதுக்கு மேல. ஊரே அடங்கிப் போச்சு. ஏரியில மீனு புரளுற சத்தம் கேக்கும், மேல எஸ்டேட் லைன் வீட்டுல ஒருத்தி புருஷன வையிறது கீழ லைன் வரைக்கும் தெளிவாக் கேக்கும்.

அந்த அமைதியத் தேடித்தான் டவுன்காரங்க வர ஆரம்பிச்சாங்க. தலையில கவுத்துன கும்பா மாதிரி ஒரு ஹெல்மெட்டு, உக்காந்தா வலிக்காம இருக்க உள்ள மெத்தை வச்சுத் தச்ச டவுசரு, சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் பொதிமூட்டை. "அக்கா, இங்க வண்டியே வராதா? ஹாரன் சத்தமே கிடையாதா?"ன்னு வாயப் பொளந்து கேப்பாங்க. "வராதுய்யா, அதனாலதான் நான் ஒரு கிலோ தக்காளிக்கு பாலம் வரைக்கும் இறங்கி ஏறுதேன்"னு சொன்னா, "எவ்ளோ குடுத்து வச்சவங்க நீங்க"ன்னு சொல்லிட்டு ஏரியப் பாத்துப் பெருமூச்சு விடுவாங்க. என்னத்தச் சொல்ல. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, புருஷன் எங்க போனான்னே தெரியாம ரெண்டு புள்ளைகளோட தனியாக் கெடந்தவ, அவங்கள நம்பி நாலஞ்சு சைக்கிள் வாங்கி வாடகைக்கு விட்டா. நான் ஏத்தத்து அடியில டீக்கடை போட்டேன்.

ஏத்தம்னா நடு ஏரியில இருந்து மேலேரிக்குப் போற ஏத்தம். மூச்சுமுட்டின்னு பேரு. பேரச் சொன்னாலே பாதிப் பேருக்குத் தொடை வலிக்கும். அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் சைக்கிள மிதிச்சு ஏறிக்கிட்டு இருக்காருன்னா, நடந்து வர்ற ஆளு எவரானாலும் அவரச் சும்மாத் தாண்டிப் போகக்கூடாது. நடு முதுகுல உள்ளங்கைய வச்சு, கூடவே நடந்து தள்ளணும். மிதிக்கிறவரு "போதும்"னு சொன்னாத்தான் கைய எடுக்கணும். எடுக்கும்போது முதுகுல ரெண்டு தட்டு தட்டணும், பாத்துப் போன்னு அர்த்தம். சொல்லுறதுக்கு முன்னாடி கைய எடுத்தவங்க எங்க ஊருல கெடையாது. சடையாண்டிக்கும் அவரு தம்பிக்கும் வீட்டுமனைத் தகராறு, முகம் குடுத்துப் பேசமாட்டாங்க. ஒரு நாள் தம்பி ஏத்தத்துல போக, சடையாண்டி எதுத்தாப்புல வந்து மாட்டிக்கிட்டாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு கைய வச்சாரு. தம்பிக்காரன் வேணும்னே போதும்னு சொல்லல. ஏத்தம் முடிஞ்சு, எறக்கம் முடிஞ்சு, அவன் வீட்டு வாசல் வரைக்கும் பிரெசிடெண்ட் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவன் முதுகுல கை வச்சபடியே ஓடுனாரு. ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

எனக்கு சைக்கிள் தெரியாது. கட்டிக்கிட்டு மலைக்கு வந்த நாள்ல இருந்து அவரு மிதிக்க நான் கேரியர்ல உக்காந்து போனவதான். மூச்சுமுட்டி வந்தா எறங்கி, அவரு முதுகுல கை வச்சுத் தள்ளுவேன். உச்சியில "போதும் இசக்கி"ம்பாரு. ரெண்டு தட்டு தட்டுவேன். கைய எடுத்துட்டு, அப்புறம் மூணாவதா மெதுவா ஒண்ணு. "வழக்கத்துல ரெண்டுதானட்டி, இது என்ன மூணாவது?"ன்னு கேப்பாரு. "ரெண்டு ஊருக்கு, ஒண்ணு வீட்டுக்கு"ம்பேன். திரும்பிப் பாக்காமலே சிரிப்பாரு, முதுகு குலுங்குறதுலதான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல என் கை அவரு முதுகுல கெடந்ததே தவிர, அவரு கை ஒரு நாளும் என் முதுகுக்கு வந்ததில்ல. வர வழியும் இல்ல, நான்தான் மிதிக்கிறதில்லையே.

அவருக்கு இழுப்பு. பனி எறங்குச்சுன்னா நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு கத்துற மாதிரி ஒரு சத்தம் வரும். யாரையாவது தள்ளிக்கிட்டுப் போனாருன்னா உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னு, ஒரு மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு, அப்புறம் மறுபடி தள்ளுவாரு. டவுன்காரங்க வர ஆரம்பிச்சதுல இருந்து கடையில உக்காந்து ஒரு டீய முழுசாக் குடிச்சதில்ல மனுசன். எவனாவது ஏத்தத்துல முக்குனா கிளாஸ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

"உங்கள யாரு கூப்பிட்டா? அவன் மெத்தை டவுசரு போட்டு வந்திருக்கான், மிதிக்கட்டுமே"ன்னு நான் கத்துவேன்.

"ஏத்தத்துல ஒருத்தன் தவிக்கிறதப் பாத்துக்கிட்டு குடிச்சா தொண்டையில எறங்குமாட்டி?"

"உங்க தவிப்ப யாரு பாக்கா?"

"அதான் நீ பாக்கியே"ன்னு சொல்லிட்டு ஓடிருவாரு. என்ன பேசி என்ன, கேக்குற ஆளா அவரு.

ஒரு மார்கழி மாசம், பனி முட்டிக்கிட்டு நின்ன காலையில, ரெண்டு பக்கமும் பொதி, பின்னால கூடாரம் வேற, காதுல பாட்டுக் கேக்குற மிஷினோட ஒருத்தன் ஏறுனான். அவன் யாரு எந்த ஊருன்னு இன்னைக்கும் தெரியாது. இவரு கிளாஸ வச்சுட்டுப் போனாரு. மேல கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க பாத்திருக்காங்க. முதுகுல கை வச்சாரு, தள்ளுனாரு, நின்னு மூச்சு இழுத்தாரு, மறுபடி தள்ளுனாரு. உச்சி வந்துச்சு. அவன் போதும்னு சொல்லல. அவனுக்கு எப்படித் தெரியும், யாரு சொல்லிக் குடுத்தா அவனுக்கு? எறக்கம் கெடச்சதும் காத்தாப் பறந்து போயிட்டான், பின்னால ஒரு மனுசன் இருந்தாருங்கிறதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ. எங்க வீட்டுக்காரரு உச்சியில இருக்குற மைல்கல்லுகிட்ட விழுந்து கெடந்தாரு, வலது கை மட்டும் முன்னால நீட்டினபடி. அவன வஞ்சு வஞ்சு என் வாய் வலிச்சதுதான் மிச்சம்.

குளிப்பாட்டும்போது அந்தக் கைய மடக்க முடியல. எண்ணெய் தேச்சுப் பாத்தாங்க, வெந்நீர் ஊத்திப் பாத்தாங்க, சடையாண்டி வந்து கெஞ்சியும் பாத்தாரு. கடைசியில குழிய ஒரு பக்கம் கை நீளத்துக்குக் கூட வெட்டி, நீட்டினது நீட்டினபடியே வச்சு மூடுனோம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடியுறதுக்குள்ள ஸ்டெல்லா ஒரு நாள் ஓடி வந்தா. கேரியர்ல சிலிண்டரக் கட்டிக்கிட்டு மூச்சுமுட்டியில ஏறியிருக்கா, பாதியில கால் சொல்ற பேச்சுக் கேக்கல, அப்போ முதுகுல ஒரு கை வந்துச்சாம். யாரோ வழியில வந்தவங்கன்னு நெனச்சு, போதும்னு சொல்ல உச்சியில திரும்பிப் பாத்தா ஆளில்ல. "மயினி, நாலு வெரலும் ஒரு அரை வெரலும்"னா. எங்க வீட்டுக்காரருக்கு வலது கை சுண்டுவெரல்ல பாதி கெடையாது, தேயிலைச் செடிய வெட்டுற கவாத்துக் கத்தி பட்டுப் போனது. நான் உலையில அரிசியப் போட்டுட்டு, "அப்போ அவருதான்"னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?

அதுக்கப்புறம் ஏறுன எல்லாருக்கும் கை வந்துச்சு. ஆளில்லாத கைகிட்ட போதும்னு சொல்ல எவருக்கும் வாய் வரல. பால்காரருக்கு வந்துச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு வந்துச்சு, வாயப் பொளந்த டவுன்காரங்களுக்கும் வந்துச்சு. ஊரு கூடிப் பேசுன மொத விஷயம், பொம்பளைங்க முதுகுல ஆம்பளை கை படலாமாங்கிறதுதான். கொழுந்து பறிக்கிற அமலோற்பவம் எந்திரிச்சு, "என் கூடப் பொறந்தவன் கைகூட இவ்வளவு மரியாதையா இருந்ததில்ல"ன்னா, அதோட அந்தப் பேச்சு அடங்கிருச்சு. பூசாரி மைல்கல்லுக்கு மஞ்சத்துணி கட்டணும்னாரு, உபதேசியாரு மெழுகுவத்தி ஏத்தணும்னாரு. "அவரு சாமியும் இல்ல புனிதரும் இல்ல, குளிக்கச் சொன்னா ஒளிஞ்சுக்கிற மனுசன், பேசாமப் போங்க"ன்னு ரெண்டு பேரையும் அனுப்பி வச்சேன். குளிருமேன்னு டவுன்காரங்க மைல்கல்லு மேல கம்பளிக் கையுறைய வச்சுட்டுப் போனாங்க. மழையில நனைஞ்சு கெடக்கும். நான் எடுத்துட்டு வந்து டீப் பானைய எறக்கப் புடிதுணியா வச்சுக்கிட்டேன்.

சேதி பரவிருச்சு. சீஸன்ல சைக்கிளு எறும்பு மாதிரி வரிசையா வந்துச்சு. ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடு மாத்துனா, புள்ளைக ரெண்டும் ஷூ போட்டுப் பள்ளிக்கூடம் போச்சு. என் கடையிலயும் வியாபாரம். ஏத்தத்த முடிச்சுச் சுத்தி வந்தவங்க, "அக்கா, சூப்பர்க்கா, யாரோ தள்ளுற மாதிரியே இருக்கு"ன்னு என்கிட்டயே சொல்லுவாங்க. "அப்படியா தம்பி, சர்க்கரை போடவா வேண்டாமா?"ன்னு கேப்பேன்.

எனக்கு மட்டும் வரல. தெனமும் மூச்சுமுட்டியில நடந்து ஏறுனேன், முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன், கூப்பிட்டேன், வஞ்சேன். ஒண்ணும் இல்ல. ஒரு தடவ ஸ்டெல்லா மிதிக்க நான் கேரியர்ல உக்காந்து போனேன். அவளுக்கு வந்துச்சு. நடுவுல உக்காந்திருக்குற என்னத் தாண்டிப் போயி அவ முதுகுல விழுந்துச்சு. மிதிக்கிறவளுக்குத்தான் கை. ஊரு உலகத்துல உள்ள முதுகுக்கெல்லாம் கெடச்சது எனக்குக் கெடைக்கல, அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதேன்.

அப்புறந்தான் சடையாண்டி கூட்டம் போட்டாரு. மனுசன் கோணலாத்தான் யோசிப்பாரு, ஆனா யோசிப்பாரு. "மாசானம் ஏன் இன்னும் போகாம நிக்காரு? அந்த வெளியூர்க்காரன் போதும்னு சொல்லல. சொன்னாத்தான் கைய எடுக்கணுங்கிறது நம்ம வழக்கம். அதனால எடுக்கல. இனிமே எவரும் அந்த ஏத்தத்துல அந்த வார்த்தையச் சொல்லக்கூடாது"ன்னாரு. எல்லாரும் மெதுவாத் திரும்பி என்னப் பாத்தாங்க. நான் முந்தானையத் திருகிக்கிட்டு தரையப் பாத்தேன். எனக்கு மட்டும் அவரு போகணுமா என்ன? ஏத்தத்து அடியில ஒரு போர்டு வச்சாங்க: 'இங்கு பேசக்கூடாது. அமைதி காக்கவும்.' டவுன்காரங்க அதையும் பாத்து, எவ்ளோ நல்ல ஊருன்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.

ஏத்தத்துல சொல்லக்கூடாதுன்னு ஆரம்பிச்சது, வாய் தவறிருமோன்னு பயந்து, மொள்ள மொள்ள எங்கயும் சொல்லக்கூடாதுன்னு ஆயிருச்சு. கல்யாணப் பந்தியில சோறு வேண்டாம்னா இலைய ரெண்டு கையாலயும் மறைச்சாங்க, மறைக்கிறதுக்குள்ள சாம்பாரு ஊத்தி கை வெந்தவங்க உண்டு. பால் ஊத்துறவரு ஊத்திக்கிட்டே இருப்பாரு, பாத்திரம் வழிஞ்சு வாசல்ல ஓடும். வாத்தியாரு சத்தம் போடுற புள்ளைகள மேசையத் தட்டி அடக்குனாரு. அழுகுற புள்ளையச் சமாதானப்படுத்துற தாய்க்கு அந்த ஒரு சொல்லு இல்லாம வாய் திக்குச்சு. போதும்னு சொல்லாத ஊருல எதுதான் போதும்? டவுன்காரங்க தங்குறதுக்கு ஒரு ரூம் கட்டுனவங்க ரெண்டாவது கட்டுனாங்க, ரெண்டு கட்டுனவங்க ஏரியப் பாத்து மாடி எழுப்புனாங்க. இன்னொன்னும் நடந்துச்சு, யாரும் கவனிக்கல. ஏத்தத்துல ஒருத்தருக்கொருத்தர் கை வைக்கிறது நின்னு போச்சு. அதான் மாசானம் இருக்காரேன்னு, தவிக்கிறவங்களப் பாத்துக்கிட்டே கைய வீசிக்கிட்டுத் தாண்டிப் போனாங்க.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் ஸ்டெல்லா கடையில டீய ஆத்திக்கிட்டே போற போக்குல ஒரு வார்த்த சொன்னா. "மயினி, அண்ணன் கை இப்போ முன்ன மாதிரி இல்ல. நடுங்குது. உச்சிக்கு முன்னாடி நின்னு நின்னு தள்ளுது."

"எத்தன தடவ நிக்கி?"ன்னு கேட்டேன்.

"அது நிக்கும் மூணு நாலு தடவ. ஏன் மயினி?"

பொங்குன பால எறக்க மறந்துட்டேன், அடுப்பு அணைஞ்சு போச்சு. உயிரோட இருந்தப்போ ஒரே ஒரு தடவதான் நிப்பாரு. செத்தும் இழுப்பு விடல அவர. நாங்க எல்லாரும் ஓடு மாத்தி, மாடி கட்டி, டீ வித்து, அவர வருஷம் முழுக்க மூச்சுமுட்டியில ஏத்திக்கிட்டே இருந்திருக்கோம். ஒரு டீ குடிக்கக்கூட அவர எறக்கி விடல.

யாராவது ஒரு டவுன்காரன்கிட்ட ரகசியமாச் சொல்லி அனுப்பியிருக்கலாம், உச்சியில இந்த ஒரு வார்த்தையச் சொல்லுய்யான்னு. மனசு வரல. அனுப்பணும்னா என் வாயாலதான் அனுப்பணும். அதுவுமில்லாம, சொல்லிருதேனே, எனக்கு அந்தக் கை வேணும். ஒரு தடவையாவது என் முதுகுக்கு வேணும்.

"ஏட்டி ஸ்டெல்லா, எனக்கு சைக்கிள் கத்துக் குடு"ன்னேன்.

அவ சிரிச்சா, அப்புறம் என் முகத்தப் பாத்துட்டுச் சிரிப்ப நிறுத்துனா. ஏத்தத்துக்கு மட்டும் கத்துக் குடு, எனக்கு ஊரு சுத்த வேண்டாம்னேன். நடு ஏரிக் கரையில சமதரையா ஒரு எடம் உண்டு, அங்க தெனமும் சாயங்காலம். சீட்டப் பின்னால புடிச்சுக்கிட்டு அவ ஓடி வருவா, விட்டுருவா, நான் விழுவேன். முட்டி பேந்துச்சு, முழங்கை பேந்துச்சு, ஒரு தடவ ஏரிக்குள்ளயே போயி எருமை மாதிரி எந்திரிச்சு வந்தேன். இந்த வயசுல இது தேவையான்னு கேக்க வந்தவங்க, அப்படியே உக்காந்து வேடிக்கை பாத்துக் கை தட்டுனாங்க. இசக்கி புருஷன் கையப் புடிக்கப் போறான்னு ஊருக்கே சந்தோஷம். சடையாண்டி ஒரு ஹெல்மெட்டு வாங்கிக் குடுத்தாரு. பாவம், நல்ல மனசோடதான் குடுத்தாரு.

அன்னைக்கு விடிஞ்சு பனி விலகல. கல்யாணத்துக்குக் கட்டுன சேலை இல்ல, அது எலி கடிச்சுப் போச்சு, அவருக்குப் புடிச்ச ஊதாச் சேலையக் கட்டிக்கிட்டேன். ஸ்டெல்லா பின்னால நடந்து வந்தா. மொத வளைவு வரைக்கும் ஏதோ தெம்புல மிதிச்சேன். ரெண்டாவது வளைவுல தொடை ரெண்டும் கல்லாயிருச்சு, முன் சக்கரம் அங்கயும் இங்கயும் ஆடுது, இனி விழுந்துருவேன்னு நெனச்ச நேரத்துல நடு முதுகுல வந்து பட்டுச்சு. நாலு வெரல், ஒரு அரை வெரல்.

அழுதேன். ஓன்னு வாய்விட்டு அழுதேன், வெக்கம் என்ன வேண்டிக் கெடக்கு. வாழ்நாள் பூரா மத்தவங்க முதுகுக்குப் போன கை, என் ரவிக்கை நனைஞ்ச எடத்துல பதிஞ்சு, என்னைத் தள்ளிக்கிட்டு வருது. "இங்கேருங்க, நான்தான்"னேன். தெரியுமோ தெரியாதோ. "கடைக்கு மேல தகரம் மாத்தியாச்சு. ஒழுகல. நீங்க ஒளிச்சு வச்ச பீடிக்கட்டு பரண்ல கெடச்சுது, வஞ்சுக்கிட்டே தூக்கிப் போடப் போனேன், போடல, அங்கயேதான் இருக்கு"ன்னேன். சீக்கிரம் முடிஞ்சுரக் கூடாதுன்னு ரோட்டுக்கு இந்த ஓரமும் அந்த ஓரமுமா வளைச்சு வளைச்சு மிதிச்சேன். அவரும் வளைஞ்சு வளைஞ்சு வந்தாரு.

உச்சிக்குக் கொஞ்சம் கீழ கை நின்னுச்சு. அவரு உள்ளங்கை வழியா என் முதுகெலும்புக்குள்ள அந்தச் சத்தம் கேட்டுச்சு, கோழிக்குஞ்சு சத்தம். மறுபடி தள்ளுனாரு. மறுபடி நின்னாரு. ஒவ்வொரு தடவயும் சத்தம் கூடிக்கிட்டே போச்சு. பின்னால ஸ்டெல்லாவுக்கு எப்படியோ புரிஞ்சிருச்சு. ஓடி வந்து ஹாண்டில்பாருக்குப் பக்கத்துல மூச்சு வாங்க நடந்தா.

"மயினி, என்ன செய்யப் போற? சொல்லிராத மயினி. என் புள்ளைக சோறு மயினி அது."

"தெரியும்ட்டி."

"நாளைக்கும் வரலாம். தெனமும் கூட்டிட்டு வாரேன். தெனமும் காலையில உன் முதுகுல இருப்பாருல்லா? உனக்கு வேண்டாமா?"

பாவி மக, சரியான எடத்துலதான் கைய வச்சா. வேண்டாம்னு சொல்லுற அளவுக்கு நான் மகராசி இல்ல. தெனமும் ஒரு தடவ, அது போதாதா ஒருத்திக்கு, மிச்ச ஆயுச ஓட்டிர மாட்டாளா? மைல்கல்லு கண்ணுக்குத் தெரிஞ்சுது. கை நின்னுச்சு, இழுத்துச்சு, எல்லாப் பலத்தையும் கூட்டி இன்னொரு முழம் தள்ளுச்சு, எனக்காக. நடுங்குற கையால எனக்காக. அதுக்கு மேல என்னால தாங்க முடியல.

"போதும்"னேன். "நீங்க தள்ளுனது போதும். போங்க."

ஸ்டெல்லா ரோட்டுல அப்படியே உக்காந்துட்டா. கை ஒரு தட்டு தட்டுச்சு. ரெண்டாவது தட்டுச்சு. அப்புறம் எடுத்துருச்சு, ரவிக்கை நனைஞ்ச எடத்துல குளிரு வந்து ஒட்டுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்போ மூணாவதா, மெதுவா ஒண்ணு.

உச்சியில நின்னேன். அந்தப் பக்கம் மேலேரி வரைக்கும் எறக்கம். எனக்கு ஏறத்தான் சொல்லிக் குடுத்தா, எறங்கச் சொல்லிக் குடுக்கல. சைக்கிளத் தள்ளிக்கிட்டு, பிரேக்கப் புடிக்கவும் தெரியாம, நடந்தே எறங்குனேன்.

யாரும் என்ன அடிக்கல, வையக்கூட இல்ல. அடுத்து ஏறுன பால்காரரு பாதியில எறங்கி கேனத் தள்ளிக்கிட்டு வந்ததப் பாத்து ஊருக்குத் தெரிஞ்சுது. என் வாசல்ல வந்து நின்னாங்க, நின்னுட்டுப் போயிட்டாங்க. சடையாண்டி மட்டும், "அந்த ஹெல்மெட்ட நீயே வச்சுக்கோ"ன்னாரு. அந்த மழைக்காலத்துல கூட்டம் கொறஞ்சுது, ஏரியப் பாத்து எழுப்புன மாடியெல்லாம் ஜன்னல் இல்லாம நின்னுச்சு. பந்தியில மறுபடி போதும்னு சொன்னாங்க. மொதல்ல கூச்சமா, காதோட காதாச் சொன்னாங்க. ஸ்டெல்லா என்கூடப் பேசல. வாசல் தெளிக்கும்போது என் பக்கம் தண்ணி தெறிக்காம அளந்து தெளிச்சா. அவ வீட்டுல சின்னது மறுபடி செருப்போட பள்ளிக்கூடம் போறதப் பாத்தேன். அத நான்தான செஞ்சேன், எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் கடையச் சாத்திட்டு மேல கோயிலுக்கு நடந்து போறேன். மூச்சுமுட்டியில முன்னால ஸ்டெல்லா. கேரியர்ல சிலிண்டரு. நின்னு மிதிச்சும் ஏற மாட்டேங்குது. நான் வர்றது அவளுக்குத் தெரியும், திரும்பல. சடையாண்டியே தம்பிக்கு வச்சாரு, நான் வைக்காமப் போவேனா? நடு முதுகுல கைய வச்சேன். வெடுக்குன்னு ஒரு ஆட்டம் ஆடுனா. தட்டி விடல. தள்ளுனேன். வளைவு வந்துச்சு, போதும்னு சொல்லல. உச்சி வந்துச்சு, சொல்லல. எறக்கத்துல சைக்கிள விட்டு எறங்கி உருட்டிக்கிட்டு நடந்தா, நான் முதுகுல வச்ச கைய எடுக்காம கூடவே நடந்தேன். அவ முதுகு குலுங்குறது என் உள்ளங்கையில தெரிஞ்சுது, இது சிரிப்பு இல்ல. மேலேரிய ஒட்டி, கீழ லைன் வீட்டு வழியா, பாக்குறவங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்க, அவ வாசல் வரைக்கும் போயிட்டோம்.

வாசல்ல நின்னா. மூக்கச் சிந்துனா.

"போதும் மயினி"ன்னா.

ரெண்டு தட்டு தட்டிட்டுக் கைய எடுத்தேன். அப்போதான் அவ திரும்பி, அன்னையில இருந்து மனசுல வச்சிருந்தத என்கிட்ட கேட்டா.

"அன்னைக்கு நெசமாவே போதும்னுதான் சொன்னியா மயினி?"

"வாய் சொல்லுச்சுட்டி"ன்னேன். "முதுகு இன்னும் சொல்லல."